பார்ட்ரிட்ஜைக் கொன்றது யார்

ஜோனதன் ஸ்விஃப்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1708-ல் லண்டனில் ஜான் பார்ட்ரிட்ஜ் என்றொரு ஜோஸ்யர். ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற இல்லாத ஆசாமியின் பெயரில் ஸ்விஃப்ட் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டு, மார்ச் 29-ந் தேதி இரவு பதினொரு மணி சுமாருக்கு அந்த ஜோஸ்யர் கடும் ஜுரத்தில் இறந்துபோவார் என்று ஆரூடம் சொல்கிறார். தேதி வருகிறது. இறந்துவிட்டார் என்று இன்னொரு பிரசுரமும் வருகிறது. ஊர் நம்பிவிடுகிறது. சர்ச்சில் குழி வெட்டுகிறவன் வாசலில் வந்து நிற்கிறான். மனைவியை எல்லோரும் விதவை என்கிறார்கள். கடைசியில் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி - எந்தப் புத்தகத்தை அச்சிடும் உரிமை யாருடையது என்று பதிந்து வைத்திருந்த லண்டன் புத்தக வியாபாரிகளின் சங்கம் - அவர் பெயரைத் தன் பதிவேட்டிலிருந்து அடித்துவிட, வருஷந்தோறும் அவர் வெளியிட்டு வந்த ஆல்மனாக் நான்கு வருஷம் வராமல் நின்றுபோகிறது. கிண்டல், உயிரோடிருந்த மனிதனைக் கொன்றுவிட்டது.

இந்தக் கதையின் முதல் பாதிக்கு அச்சில் சாட்சி இருக்கிறது. நடுப்பகுதிக்கு அங்கதமே சாட்சி. கடைசியில் சொல்லப்படுவது வேறொரு சம்பவம்; அது கோர்ட்டில் நடந்தது. ஆனாலும் மூன்றும் ஒன்றாகப் பின்னப்பட்டு, ஸ்விஃப்டின் பழைய பதிப்புகளின் முன்னுரைகள் வழியாகவும் பாடப் புத்தகங்கள் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. லண்டன் ஜனங்கள் ஒரு கேலியைச் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள் என்று சிரித்தபடியே, அதைவிடப் பெரிய கேலி ஒன்றைச் செய்தியாக எடுத்துக்கொண்டவர்கள் படித்தவர்கள். இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கதத்தின் சக்தியைப் பற்றி நாம் பேசுகிற பல விஷயங்கள் இந்த மாதிரிக் கதைகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

ஆல்மனாக்கைப் பஞ்சாங்கம் என்று மொழிபெயர்த்தால் பாதி சரியாக வரும். மாதம், கிழமை, வளர்பிறை தேய்பிறை, கிரகணம், திருநாட்கள், கோர்ட்டு நடக்கும் நாட்கள், சந்தை நாட்கள், கூடவே வருஷ பலன். அந்த வருஷ பலனில் அரசியல் நுழைந்துவிடும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பைபிளுக்கு அடுத்தபடி ஏழை வீட்டிலும் இருந்த அச்சுப் பொருள் இது. 1660-களில் வருஷத்துக்கு 3 லட்சத்திலிருந்து 4 லட்சம் பிரதிகள் வரை விற்றன. 1644-ல் பிறந்த பார்ட்ரிட்ஜ் செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து ஜோஸ்யத்துக்கு வந்தவர். மருந்தும் விற்றார். கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸின் காலத்தில் ஹாலந்துக்கு ஓடிப்போய், 1688-ன் புரட்சிக்குப் பிறகு திரும்பி வந்தவர். 'மெர்லினஸ் லிபரேட்டஸ்' என்று அவருடைய ஆல்மனாக்குக்குப் பெயர். விக் கட்சிக்காரர். பாதிரிமார்களைச் சீண்டிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

ஸ்விஃப்டோ பாதிரியார். அயர்லாந்துத் திருச்சபைக்கு வரிச் சலுகை கேட்டு அப்போது லண்டனில் வந்து காத்திருந்தவர். ஒரு மாஜி சக்கிலியர் சபையைப் பரிகசிப்பதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று ஊகிக்கச் சிரமமில்லை. மூட நம்பிக்கையின் மேல் பகுத்தறிவு தொடுத்த போர் என்று இதை வர்ணிப்பவர்கள், இந்தச் சபைக் கோபத்தையும் ஜாதிக் கோபத்தையும் - அந்த ஊரில் அதற்கு வேறு பெயர் - வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எழுத்து என்ற அளவில் பார்த்தால் '1708-ஆம் வருஷத்துக்கான ஆரூடங்கள்' தேர்ந்த கை செய்த வேலை. பிக்கர்ஸ்டாஃப் ஜோஸ்யத்தைக் கேலி செய்யவேயில்லை. ஜோஸ்யத்தை உண்மையான சாஸ்திரமாக மதிக்கிறவராக வருகிறார். அதைக் கெடுத்துவிட்ட போலிகள் மேல்தான் அவருக்கு வருத்தம். எப்படியும் பொருள் கொள்ளும்படி மழுப்பலாக எழுதிப் பிழைக்கிறார்கள் அந்தப் போலிகள். நான் நாள், மணி சொல்லி எழுதுகிறேன், பொய்த்தால் என்னை ஏசுங்கள் என்கிறார். அதன் பிறகு, ஒரு அற்ப விஷயம் என்ற தோரணையில், பார்ட்ரிட்ஜின் சாவு. பார்ட்ரிட்ஜோடு நிற்கவில்லை: பாரிஸ் ஆர்ச்பிஷப் ஏப்ரலில், பிரெஞ்சுப் பட்டத்து இளவரசன் மே மாதத்தில் என்று பட்டியல் போகிறது. பெரிய மனிதர்களின் சாவுக்கு நடுவில் ஒரு ஆல்மனாக்காரனின் சாவு, முன்னோட்டம் மாதிரி.

மார்ச் 29 கழிந்ததும், முட்டாள்கள் தினத்தை ஒட்டி, அடுத்த பிரசுரம். முன்பு வரி வசூல் இலாகாவில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பிரபுவுக்கு எழுதும் கடிதமாக அது அமைந்திருக்கிறது. பார்ட்ரிட்ஜின் படுக்கையருகே தான் இருந்ததாகவும், ஜோஸ்யம் முழுக்கப் பித்தலாட்டம், பெண்டாட்டியைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டதாகவும் எழுதுகிறார். கடைசியில் ஒரு நுணுக்கம்: உயிர் போனது ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு, ஆகவே பிக்கர்ஸ்டாஃப் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் தவறிவிட்டார். இந்த நான்கு மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஆரூடம் நிமிஷம் பிசகாமல் பலித்திருந்தால் படிப்பவனுக்குச் சந்தேகம் வரும். சற்றுப் பிசகியது என்றால் சாவு நிச்சயமாகிவிடுகிறது. விவாதம் மணியைப் பற்றியதாக மாறிவிடுகிறது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை யாரும் கேட்பதில்லை. பொய்ச் செய்தி எழுதுகிறவர்களில் இந்த அளவுக்குப் போனவர்கள் குறைவு.

உண்மையில் யார் நம்பினார்கள்? நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் பார்ட்ரிட்ஜ். அவர் நம்ப வேண்டிய அவசியமில்லை. ஏப்ரல் 2-ந் தேதி அயர்லாந்தில் தபால் இலாகா உத்தியோகத்தில் இருந்த ஐசக் மான்லிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. தான் சுகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, பிக்கர்ஸ்டாஃப் என்பது பொய்ப் பெயர், இதைச் செய்தவன் கடனுக்காகச் சிறைக்குப் போய்வரும் இன்ன எழுத்தாளன் என்று இன்னொருவர் மேல் சந்தேகப்படுகிறார். மான்லி ஸ்விஃப்டுக்கு வேண்டியவர் என்பது அவருக்குத் தெரியாது. பிறகு 1709-க்கான ஆல்மனாக்கில், நான் உயிரோடிருக்கிறேன், போன மார்ச் 29-லும் உயிரோடுதான் இருந்தேன் என்று அச்சிட்டார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, விசாரித்தவர்கள் கொஞ்சப் பேராவது இருந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல ஆதாரம் போதாது.

அப்படியானால் குழி வெட்டுகிறவன்? அறைக்குக் கறுப்புத் துணி கட்ட அளவெடுக்க வந்தவன்? தெருவில் மறித்து, உங்களைப் புதைத்தாகிவிட்டதே என்றவர்கள்? இறந்தவர் சொத்துக்குக் கோர்ட்டில் பத்திரம் வாங்கும்படி தொந்தரவு செய்யப்பட்ட மனைவி? எல்லோரும் 'பிக்கர்ஸ்டாஃபின் குட்டு வெளிப்பட்டது' என்ற பொருளில் தலைப்பிட்ட இன்னொரு பிரசுரத்திலிருந்து வருகிறார்கள். பார்ட்ரிட்ஜே தன் அவஸ்தையைச் சொல்லி முறையிடுவதாக எழுதப்பட்டது அது. பார்ட்ரிட்ஜ் எழுதவில்லை. நாடகாசிரியர்கள் ரோ, காங்கிரீவ், யால்டன் என்ற பாதிரி என்று பல பெயர்கள் சொல்லப்படுகின்றன. எப்படியானாலும் விளையாட்டில் சேர்ந்துகொண்ட ஒரு எழுத்தாளக் கை. கேலியின் பலன் எப்படியிருந்தது என்பதையும் கேலிக்காரர்களே எழுதிவிட்டார்கள். சரித்திரக்காரர்கள் அதை வாக்குமூலமாகப் படித்தார்கள்.

இதே மாதிரி இன்னொன்று: போர்ச்சுகலில் மத விசாரணைக்காரர்கள் பிக்கர்ஸ்டாஃபின் ஆரூடத்தை எரித்தார்கள் என்பது. பல புத்தகங்களில் இதைப் பார்க்கலாம். நூல் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அது ஸ்விஃப்டின் மூன்றாவது பிரசுரத்தில், பிக்கர்ஸ்டாஃப் பெருமையடித்துக்கொள்ளும் இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

அந்த மூன்றாவது பிரசுரம், 1709-ல் வந்த 'பிக்கர்ஸ்டாஃபின் நியாயவாதம்', எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. பார்ட்ரிட்ஜ் இறந்துவிட்டார் என்பதற்கு அதில் தர்க்கரீதியாக நிரூபணங்கள் வருகின்றன. அவருடைய ஆல்மனாக்கைப் படித்தவர்கள் எல்லோரும், உயிரோடிருக்கிற எவனும் இப்படி எழுதமாட்டான் என்று சத்தியம் செய்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு உடம்பு நடமாடுகிறது என்றால் அதற்குப் பிக்கர்ஸ்டாஃப் பொறுப்பல்ல. பிறகு ஒரு ஆட்சேபணைக்குப் பதில்: இறந்தவர் எப்படி இந்த வருஷமும் ஆல்மனாக் எழுதினார்? ஏன், காட்பரி, விங் முதலானவர்கள் இறந்து எத்தனையோ காலமாகியும் வருஷந்தோறும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்கிறார் பிக்கர்ஸ்டாஃப்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த வரி செய்தி. வின்சென்ட் விங் 1668-ல் இறந்தார். ஜான் காட்பரி 1704-ல். அவர்கள் பெயர் தாங்கிய ஆல்மனாக்குகள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. கிண்டலைச் செய்தியாகப் படித்தவர்கள், நடுவில் கிடந்த ஒரே செய்தியைக் கிண்டலாகப் படித்துவிட்டார்கள்.

பெயர் எப்படி ஆளைவிட நீண்ட காலம் எழுத முடிந்தது? ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு ராஜ சாசனம் கிடைத்தது 1557-ல். 1603-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆல்மனாக், சங்கீதப் புத்தகம், அரிச்சுவடி போன்ற நிச்சய விற்பனைச் சரக்குகளை அச்சிடும் ஏகபோகத்தைக் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்தார். இதை வைத்துக் கம்பெனி ஒரு கூட்டு வியாபாரம் நடத்தியது. அங்கத்தினர்கள் அதில் பங்கு வாங்கி வருஷ லாபம் எடுத்தார்கள். சர்வகலாசாலைகளுக்கும் அச்சுரிமை இருந்ததால், போட்டிக்கு வராமலிருக்க அவற்றுக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்டுவதும் உண்டு. அனுமதியில்லாமல் ஆல்மனாக் அச்சிட்டால் கம்பெனி சும்மா இருக்காது. இந்த ஏற்பாட்டில் ஜோஸ்யருக்கு உள்ள இடம் கூலிக்காரர் இடம். ஆண்டுதோறும் பிரதியைக் கொடுத்துத் தொகையை வாங்கிக்கொண்டு போக வேண்டியது. பெயர் பிரபலமாகிவிட்டால் அந்தப் பெயரே சரக்கு. ஆள் இறந்தால் வேறு யாரையாவது வைத்து அதே பெயரில் எழுதி வாங்குவார்கள். படிக்கிறவனும் கண்டுகொள்வதில்லை.

பார்ட்ரிட்ஜுக்கும் கம்பெனிக்கும் தகராறு மூண்டது 1709-ல், பணத்தைப் பற்றி. தன் பெயருக்கு எவ்வளவு விற்கிறது என்று அவருக்குத் தெரியும். அதிகம் கேட்டார், பேரம் படியவில்லை, கம்பெனியை விட்டுவிட்டு வெளியாள் ஒருவரிடம் அச்சுக்குக் கொடுக்கப் போனார். கம்பெனி சான்ஸரி கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியது. 1710 முதல் 1713 வரை அவருடைய ஆல்மனாக் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆல்மனாக் அச்சிடும் உரிமையை ராஜா ஒருவருக்கே எழுதிக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி அரசியின் நியாய ஸ்தலத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே வாதங்கள் நடந்து, தீர்ப்பு வராமலேயே கிடந்தது. கடைசியில் இரு தரப்பும் சமாதானமாகி, 1714-க்கான ஆல்மனாக் வெளிவந்தது.

கம்பெனி அவர் இறந்ததாக நம்பிப் பெயரை அடித்தது என்ற கதையை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில், கம்பெனியின் பதிவேடு ஆசிரியர்களின் ஜனன மரணக் கணக்கு அல்ல. எந்தப் பிரதி எந்த வியாபாரியின் சொத்து என்பதுதான் அதில் எழுதப்படும். இரண்டாவது, பார்ட்ரிட்ஜ் உண்மையாகவே இறந்திருந்தால் கம்பெனிக்கு ஆனந்தம். காட்பரி, விங் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு, பேரம் பேச ஆளில்லாமல் அச்சிட்டிருக்கலாம். சாவு எந்த ஆல்மனாக்கையும் நிறுத்தியதில்லை. உயிரோடு வந்து கூலி கூடக் கேட்டவரின் ஆல்மனாக்தான் நின்றது. கம்பெனி வக்கீல்கள் எதிர்த்து வழக்காடிய மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதில் கம்பெனிக்கு என்ன சந்தேகம் இருந்திருக்க முடியும்?

இந்தக் கதை பரவியதற்குக் காரணம் நம்மிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு, எழுத்து ஆளைக் கொல்லும் என்று நம்ப ஆசை. ஒரு பக்கக் கிண்டலில் இன்னாரை ஒழித்துவிட்டேன் என்ற பேச்சைக் கேட்காத எழுத்தாள வட்டம் எந்த மொழியிலும் இராது. தடையுத்தரவு, சாசனம், பங்குதாரர்கள், வக்கீல் சம்பளம் - இவற்றில் கதை இல்லை. ஸ்விஃப்டின் பேனாவில் இருக்கிறது. எனவே கோர்ட்டு செய்த காரியத்தைப் பேனாவின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். கம்பெனிக்கும் இது அசௌகரியமில்லை. கூலி கேட்டவனை நான்கு வருஷம் வாயடைத்து வைத்த ஸ்தாபனம், இலக்கியச் சரித்திரத்தில் ஏமாந்துபோன அப்பாவியாக வந்து நிற்கிறது. அங்கதம் உண்மையாகவே தண்டனைக்குக் காரணமான உதாரணம் ஒன்று அந்தச் சமயத்திலேயே உண்டு; அதில் அகப்பட்டது எழுதியவர். மாற்றுச் சபையினரை ஒழித்துக்கட்டச் சொல்லும் ஒரு வெறியரின் குரலில் டீஃபோ 1702-ல் எழுதிய பிரசுரத்தை வெறியர்களே நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் யார் என்று தெரிந்ததும் 1703 ஜூலையில் மூன்று நாள் அவரைத் தண்டனை மரத்தில் பூட்டித் தெருவில் நிறுத்தினார்கள். ஸ்விஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிராளி சக்கிலியர் என்பதை இங்கேயும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விசித்திரம் இதோடு முடியவில்லை. பிக்கர்ஸ்டாஃப் என்ற பெயர் ஊரில் அவ்வளவு பிரபலமாகிவிட்டது. ரிச்சர்ட் ஸ்டீல் 1709 ஏப்ரல் 12-ல் 'டாட்லர்' பத்திரிகையைத் தொடங்கியபோது அதன் ஆசிரியராக பிக்கர்ஸ்டாஃபையே நிறுத்தினார். அந்த வருஷம் டிசம்பர் 1-ந் தேதி வந்த 101-ஆம் இதழில் பிக்கர்ஸ்டாஃப் தன் மனக்குறையைச் சொல்கிறார். எழுதியது அடிசன் என்று கொள்வது வழக்கம். கஷ்டப்பட்டு எழுதி அச்சிட்டால் மறு நிமிஷம் திருட்டு அச்சுக்காரன் சின்ன அளவில், குறைந்த விலையில் போட்டுவிடுகிறான். கைத்தொழில்காரனுக்குத் தன் உழைப்பின் பலன் கிடைக்கிறது, எழுத்தாளனுக்கு மட்டும் தன் சொத்தின் மேல் உரிமை இல்லை என்று போகிறது வாதம். 'டாட்லரே' அப்படித் திருடப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதமே புத்தக வியாபாரிகள் பார்லிமெண்டில் மனுக் கொடுத்தார்கள். சட்டம் 1710 ஏப்ரல் 10 முதல் அமுலுக்கு வந்தது. முதல் பதிப்புரிமைச் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் ஆன் ராணி காலத்துச் சட்டம் இதுதான். புதுப் புத்தகத்துக்கு 14 வருஷம், ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 வருஷம். பழைய புத்தகங்களுக்கு 21 வருஷம். திருட்டு அச்சுக்குத் தாளுக்கு ஒரு பென்னி அபராதம்.

1709-ன் கடைசி மாதங்களின் காட்சி இப்படி இருக்கிறது. பிறக்கவே பிறக்காத ஐசக் பிக்கர்ஸ்டாஃப், எழுத்தாளனின் உழைப்புக்குச் சொத்துரிமை வேண்டும் என்று பத்திரிகையில் வாதாடுகிறார். அவரை மரியாதையோடு கேட்கிறார்கள். மாமிசமும் ரத்தமுமாக அதே ஊரில் இருந்த ஜான் பார்ட்ரிட்ஜ், தன் ஆல்மனாக்கைத் தன் பெயரில் தான் விரும்பிய இடத்தில் அச்சிட முடியாமல் கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்காக 'டாட்லரில்' ஒரு வரி வரவில்லை. அங்கே அவர் முதல் இதழிலேயே இறந்தவர். புதுச் சட்டமும் அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே அச்சான புத்தகங்களில் சர்வகலாசாலைகளோ மற்றவர்களோ கோருகிற உரிமைகளை இது உறுதிப்படுத்தவும் இல்லை, குலைக்கவும் இல்லை என்று ஒரு ஷரத்தைப் போட்டு, ராஜ சாசனத்தை அதன் போக்கில் விட்டுவிட்டது.

திருட்டு அச்சைப் பற்றி அவ்வளவு துல்லியமாகப் பேசிய அடிசனுக்கும் ஸ்டீலுக்கும் இது தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆல்மனாக் எழுதுவதை அவர்கள் எழுத்தாகக் கருதவில்லை என்பதுதான் பதிலாக இருக்கும். ஆசிரியன் என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்த அந்த வருஷத்திலேயே, யார் ஆசிரியன் இல்லை என்பதும் தீர்மானமாகியிருந்தது. பார்ட்ரிட்ஜின் ஜோஸ்யம் குப்பை என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. 'டாட்லரைத்' திருடி அச்சிட்டவனை எதிர்க்கும் நியாயத்துக்கு 'டாட்லரின்' இலக்கியத் தரம் ஒரு நிபந்தனையாக வைக்கப்படவில்லை என்பதும் இருக்கிறது.

பார்ட்ரிட்ஜ் 1715-ல் இறந்தார், இந்தத் தடவை நிஜமாக. கம்பெனி அவர் பெயரை விடவில்லை. 'மெர்லினஸ் லிபரேட்டஸ், ஜான் பார்ட்ரிட்ஜ் இயற்றியது' என்று வருஷா வருஷம் வந்துகொண்டேயிருந்தது. தாமஸ் கார்னன் என்ற புத்தக வியாபாரி கம்பெனியை மீறி ஆல்மனாக் போட்டு, வழக்கு நடந்து, ஆல்மனாக்கின் மேல் ஏகபோகம் கொடுக்க ராஜாவுக்கு அதிகாரம் கிடையாது என்று 1775-ல் தீர்ப்பு வந்தது. பார்ட்ரிட்ஜின் வழக்கில் பதில் இல்லாமல் விட்ட கேள்வி அது. ஏகபோகத்தைத் திரும்பக் கொண்டுவர 1779-ல் பார்லிமெண்டில் வந்த மசோதாவும் தோற்றது. யார் வேண்டுமானாலும் ஆல்மனாக் போடலாம் என்றான பிறகும், 19-ஆம் நூற்றாண்டில்கூட, கம்பெனியின் சரக்கில் பார்ட்ரிட்ஜின் பெயர் இருந்தது.